மரம் வெட்டுதல்

மரம் வெட்டுதல் என்பது, நின்றுகொண்டிருக்கும் மரத்தைத் திட்டமிட்ட திசையில் நிலத்தில் வீழ்த்துதல், கிளைகளைக் கழித்தல், அடிமரத்தை வேண்டிய நீளத்தில் துண்டாக்குதல் ஆகிய பணிகளை உள்ளடக்கிய தொழிலாகும். காடுகளிலும் தோப்புகளிலும் இது மரத்தடி உற்பத்தியின் முதற்கட்டமாக விளங்குகிறது. சென்னை போன்ற நகரங்களில் பட்டுப்போன மரங்களையும், புயலில் சாய்ந்த மரங்களையும், கட்டுமானப் பணிகளுக்கு இடையூறாக உள்ள மரங்களையும் அகற்றுவதற்கே பெரிதும் மேற்கொள்ளப்படுகிறது. உலகின் மிக ஆபத்தான தொழில்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. பல டன் எடையுள்ள பொருள் ஒன்று சில நொடிகளில் விழுவதும், ஒருமுறை விழத் தொடங்கிய மரத்தை நிறுத்த இயலாமையும் இதற்குக் காரணங்களாகும்.

இக்கட்டுரை மரம் வெட்டும் முறைகளையும் கருவிகளையும் விளக்குவதோடு, சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற நெருக்கமான பகுதிகளில் இப்பணி எவ்வாறு வேறுபடுகிறது என்பதையும் விவரிக்கிறது.

வரலாறு

தமிழரின் பழைய இலக்கியங்களில் மரம் வெட்டுதல் போர்ச் செயலாகவும் இடம்பெறுகிறது. சங்க கால அரசர்கள் தமக்கெனக் காவல்மரம் ஒன்றைப் பேணினர். பகைவரின் காவல்மரத்தை வெட்டி வீழ்த்துதல் வெற்றியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. சேர அரசன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி, அதனால் முரசு செய்த செய்தி பதிற்றுப்பத்தில் கூறப்படுகிறது.

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் கப்பல் கட்டுதல், தொடர்வண்டிப் பாதை அமைத்தல் ஆகியவற்றிற்காகத் தென்னிந்தியத் தேக்கு மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. ஆனைமலையில் வெட்டப்பட்ட தேக்குத் தடிகள் மலைச்சரிவில் கீழ்நோக்கிச் சறுக்கி விடப்பட்டன. அவை சறுக்கிவிடப்பட்ட மேலிடமே இன்று டாப்சிலிப் என அழைக்கப்படுகிறது. தடிகளை இழுக்க யானைகள் பயன்படுத்தப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய வன அலுவலர் இயூகோ வுட், வெட்டப்பட்ட காடுகளில் தேக்கை மீண்டும் வளர்த்தெடுத்தவராக நினைவுகூரப்படுகிறார். 1933இல் இறந்த அவரது கல்லறை டாப்சிலிப்பில் உள்ளது.

இக்காலம் முழுவதும் கோடரியும் இருவர் இழுக்கும் ரம்பமுமே முதன்மைக் கருவிகளாக இருந்தன. சங்கிலியில் பற்களைப் பொருத்தி அறுக்கும் எண்ணம் முதலில் மருத்துவத் துறையில் தோன்றியது. 1830ஆம் ஆண்டளவில் செருமானிய மருத்துவர் பெர்னார்டு ஐனே எலும்பை அறுப்பதற்காக இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். 1926இல் ஆந்திரேயாசு இசுட்டீல் மின்னாற்றலில் இயங்கும் சங்கிலி ரம்பத்தையும், 1929இல் பெட்ரோலில் இயங்கும் ரம்பத்தையும் உருவாக்கினார். தொடக்ககால ரம்பங்களைத் தூக்கி இயக்க இருவர் தேவைப்பட்டனர். 1950களில்தான் ஒருவரே கையாளக்கூடிய ரம்பங்கள் பரவலாயின. அமெரிக்க மரவெட்டியான சோசப் காக்சு, மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழுவின் தாடைகள் பக்கத்திற்குப் பக்கம் மாறி மாறிக் கடிப்பதை 1946இல் கவனித்து, அதனடிப்படையில் சங்கிலிப் பற்களை மாற்றியமைத்தார். இன்றைய சங்கிலிகளும் அவ்வடிவமைப்பின் வழிவந்தவையே.

கருவிகள்

கைக்கருவிகள்

கோடரி: சிறு மரங்களை வெட்டவும், கிளை கழிக்கவும், ஆப்பு அடிக்கவும் பயன்படுகிறது.

அரிவாள், வெட்டுக்கத்தி: மெல்லிய கிளைகளையும் அடிமரத்தைச் சுற்றியுள்ள புதர்களையும் அகற்றப் பயன்படுகின்றன.

இருபிடி ரம்பம்: இரு முனைகளிலும் கைப்பிடி உள்ள நீண்ட ரம்பம். இருவர் மாறி மாறி இழுப்பர். தள்ளினால் தகடு வளைந்துவிடும் என்பதால் இழுவிசை மட்டுமே கொடுக்கப்படும்.

ஆப்பு: பின்வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வாமல் தடுக்கவும், மரத்தை வேண்டிய பக்கம் தள்ளவும் அடிக்கப்படுகிறது. சங்கிலி ரம்பத்துடன் பயன்படுத்தும்போது மரம், நெகிழி, அலுமினியம் ஆகியவற்றாலான ஆப்புகளே ஏற்றவை. இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் பற்கள் சிதறக்கூடும்.

கயிறு: மரத்தின் மேற்பகுதியில் கட்டி இழுக்கவும், வெட்டிய கிளையை மெல்ல இறக்கவும் பயன்படுகிறது.

சங்கிலி ரம்பம்

சங்கிலி ரம்பம் என்பது வழிகாட்டித் தகடு ஒன்றின் விளிம்பில் பற்கள் கொண்ட சங்கிலியை விரைவாகச் சுழலச் செய்து அறுக்கும் எந்திரமாகும். தொழில்முறை ரம்பங்கள் பெரும்பாலும் இருவீச்சுப் பெட்ரோல் பொறியால் இயங்குகின்றன. இப்பொறியில் தனியான எண்ணெய்த் தொட்டி இல்லாததால், பெட்ரோலுடன் மசகு எண்ணெய் கலந்தே ஊற்றப்படுகிறது. பொதுவான கலப்பு விகிதம் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் ஆகும். சங்கிலிக்கு வேறொரு தொட்டியிலிருந்து எண்ணெய் செல்கிறது. அண்மைக் காலத்தில் மின்கலத்தால் இயங்கும் ரம்பங்களும் கிளை வெட்டும் பணிகளில் பயன்படுகின்றன.

சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விரலை எடுத்த பின்னரும் சிறிது நேரம் சுழலும். இதனால் ரம்பத்தில் பல காப்பு உறுப்புகள் இணைக்கப்பட்டுள்ளன. முன்கைக் காப்பைத் தட்டியவுடன் சங்கிலியை நிறுத்தும் சங்கிலித் தடை, தவறுதலாக விசை அழுத்தப்படுவதைத் தடுக்கும் விசைப்பூட்டு, அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி, அதிர்வைக் குறைக்கும் தாங்கிகள் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. சங்கிலித் தடை 1970களின் தொடக்கத்திலிருந்து பரவலாகியது.

மழுங்கிய சங்கிலி ஆபத்தானது. கூரான சங்கிலி மரத்தைச் சீவல்களாகச் சீவி வெளியேற்றும். மழுங்கிய சங்கிலி நுண்ணிய தூளையே வெளியேற்றும். அத்தகைய தூளைக் கண்டவுடன் வேலையை நிறுத்திப் பற்களை அரத்தால் தீட்ட வேண்டும்.

காப்பு அணிகள்

முகவலை பொருந்திய தலைக்கவசம், காதுறை, கையுறை, விரல்முனைக் காப்புள்ள காலணி, அறுபடாத் துணியாலான காற்சட்டை ஆகியவை மரவெட்டியின் அடிப்படை அணிகளாகும். இக்காற்சட்டையில் நீண்ட செயற்கை இழைகள் பல அடுக்குகளாக வைக்கப்பட்டிருக்கும். சங்கிலி துணியில் பட்டவுடன் இழைகள் வெளிப்பட்டு, சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடுகின்றன. சங்கிலி ரம்பத்தின் ஒலி 100 டெசிபலைத் தாண்டுகிறது. காதுறை இன்றிப் பணிபுரிவோருக்கு நாளடைவில் நிலையான செவித்திறன் இழப்பு ஏற்படும். நீண்டகால அதிர்வால் விரல்களின் இரத்த ஓட்டம் குறைந்து, அவை வெளிறி மரத்துப்போகும் நோயும் உண்டாகிறது.

வெட்டும் முன் மதிப்பீடு

மரத்தின் உயரம், இயற்கைச் சாய்வு, கிளைகளின் பரவல், காற்றின் திசை, அடிமரத்தின் உறுதி ஆகியவை வெட்டும் முன் ஆராயப்படுகின்றன. உயரத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. தன் கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரையுள்ள தூரத்திற்குச் சமமான நீளம் பிடிக்கு மேலே இருக்குமாறு ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். பிடி மரத்தின் அடியோடும் குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் வரை பின்னோக்கி நடக்க வேண்டும். பொருந்தும் இடத்திலிருந்து மரத்திற்குள்ள தூரமே ஏறத்தாழ மரத்தின் உயரமாகும். ஒத்த முக்கோணங்களின் பண்பு இதற்கு அடிப்படையாக உள்ளது.

அடிமரத்தில் காளான் முளைத்திருத்தல், பொந்து, தட்டும்போது எழும் வெற்றொலி ஆகியவை உள்ளழுகலின் அறிகுறிகளாகும். உள்ளழுகிய மரத்தில் கீல் உறுதியாக அமையாததால், அதை வழக்கமான முறையில் வீழ்த்துவது தவிர்க்கப்படுகிறது. உலர்ந்து தொங்கும் கிளைகளும் ரம்பத்தின் அதிர்வால் வெட்டுபவர் மீது விழக்கூடும்.

வெட்டுபவர் தப்பிச்செல்லும் பாதையை முதலிலேயே ஒழுங்குபடுத்த வேண்டும். இப்பாதை மரம் விழும் திசைக்கு நேர் எதிராக அமையக்கூடாது. விழும் மரத்தின் அடிப்பகுதி பின்னோக்கி உதைக்கக்கூடும் என்பதே காரணம். பின்புறமாக இரு பக்கங்களிலும் 45 பாகைக் கோணத்தில் பாதைகள் அமைக்கப்படுகின்றன. ஏனையோர் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவுக்கு அப்பால் நிற்க வேண்டும்.

வீழ்த்தும் முறை

மரத்தைத் திசை தவறாமல் வீழ்த்த மூன்று கூறுகள் தேவை. அவை முன்வெட்டு, கீல், பின்வெட்டு என்பனவாகும்.

முன்வெட்டு: மரம் விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கப்படும் பகுதி. மேலிருந்து சாய்வாக ஒரு வெட்டும், அதைச் சந்திக்குமாறு கிடையாகவோ கீழிருந்து சாய்வாகவோ மற்றொரு வெட்டும் இடப்படுகின்றன. வழக்கமான முறையில் இதன் கோணம் 45 பாகை ஆகும். அகன்ற முன்வெட்டில் கோணம் 70 பாகை அல்லது அதற்கு மேல் இருக்கும். மரம் சாயும்போது முன்வெட்டின் வாய் மூடிக்கொண்டவுடன் கீல் முறிந்துவிடும். எனவே அகன்ற வாய் உள்ள மரம் தரையை நெருங்கும் வரை கட்டுப்பாட்டில் இருக்கும்.

கீல்: முன்வெட்டிற்கும் பின்வெட்டிற்கும் இடையே வெட்டாமல் விடப்படும் மரப்பட்டை. கதவின் கீலைப் போலவே மரத்தை ஒரே திசையில் திரும்பச் செய்கிறது. கீலை முழுவதும் அறுத்துவிட்டால் மரம் எத்திசையிலும் விழலாம்.

பின்வெட்டு: முன்வெட்டிற்கு எதிர்ப்புறத்தில் இடப்படும் இறுதி வெட்டு. வழக்கமான முறையில் முன்வெட்டின் உள்முனையைவிட 2.5 முதல் 5 செ.மீ. உயரத்தில் இது அமைகிறது. இவ்வுயர வேறுபாடு மரம் பின்னோக்கி நழுவாமல் தடுக்கிறது. அகன்ற முன்வெட்டில் இரண்டும் ஒரே மட்டத்தில் அமையும்.

முன்வெட்டின் ஆழம் அடிமர விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையும், கீலின் தடிப்பு விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கும், கீலின் நீளம் விட்டத்தில் 80 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. எடுத்துக்காட்டாக, 60 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் முன்வெட்டு 12 முதல் 15 செ.மீ. ஆழமும், கீல் 6 செ.மீ. தடிப்பும் கொண்டிருக்கும். முன்வெட்டு 15 செ.மீ. எனில், பின்வெட்டு 39 செ.மீ. ஆழத்தில் நிறுத்தப்பட வேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு வடிவியல் காரணம் உள்ளது. வட்டமான அடிமரத்தில் விட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்தில் வரையப்படும் நாணின் நீளம், விட்டத்தில் சரியாக 80 விழுக்காடாகும். 60 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் இது 48 செ.மீ. ஆகும். அதைவிட ஆழம் குறைந்தால் கீல் குறுகி, பக்கவாட்டுக் காற்றைத் தாங்காமல் முறுக்கிக்கொள்ளும்.

திசையில் ஏற்படும் சிறு பிழையும் பெரிய விளைவைத் தரும். 20 மீட்டர் உயரமுள்ள மரம் 5 பாகை விலகி விழுந்தால், அதன் உச்சி குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.75 மீட்டர் தள்ளி விழும். இது ஒரு மகிழுந்தின் அகலத்திற்கு ஈடான தொலைவாகும்.

முதன்மை ஆபத்துகள்

பின்னுதைப்பு: வழிகாட்டித் தகட்டு நுனியின் மேற்பகுதி ஏதேனும் ஒன்றில் பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் இயக்குபவரின் முகத்தை நோக்கித் துள்ளும். இரு கைகளாலும், கட்டைவிரல் பிடியைச் சுற்றியிருக்குமாறு ரம்பத்தைப் பிடிப்பதும், தோளுக்கு மேல் உயர்த்தி அறுக்காமையும் இதற்கான தற்காப்புகளாகும்.

நெடும்பிளவு: முன்னோக்கி மிகவும் சாய்ந்த மரத்தில் பின்வெட்டு முடியும் முன்னரே அடிமரம் செங்குத்தாகப் பிளந்து, பின்பாதி மேலெழும்பி வெட்டுபவரைத் தாக்கக்கூடும். இத்தகைய மரங்களில் முதலில் ரம்பத்தை நடுவில் ஊடுருவச் செய்து கீலை அமைத்து, பின்புறத்தில் ஒரு பிடிப்பை விட்டு, இறுதியில் அப்பிடிப்பை அறுப்பர்.

சிக்கிய மரம்: விழும் மரம் அருகிலுள்ள மரத்தில் சாய்ந்து நின்றுவிடுதல். அதனடியில் செல்வதும், தாங்கி நிற்கும் மரத்தை வெட்டுவதும் பல உயிரிழப்புகளுக்குக் காரணமாக உள்ளன. தொலைவிலிருந்து கயிறு அல்லது எந்திரத்தால் இழுத்தே இதை விடுவிக்க வேண்டும்.

இழுவிசை, அமுக்கவிசை: விழுந்த மரத்தின் வளைந்த பகுதியில் ஒரு புறம் அமுக்கப்பட்டும் மறுபுறம் இழுக்கப்பட்டும் இருக்கும். முதலில் அமுக்கப்பட்ட புறத்தில் சிறிது அறுத்து, பின்னர் இழுவிசை உள்ள புறத்தில் அறுத்து முடிப்பது வழக்கம். முறை மாறினால் ரம்பம் கவ்வப்படும், அல்லது மரம் சட்டெனத் தெறிக்கும்.

நகரப் பகுதிகளில் மரம் இறக்குதல்

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய தெருக்களிலோ தியாகராய நகரின் குடியிருப்புகளுக்கு இடையிலோ ஒரு மரத்தை முழுமையாக வீழ்த்துவதற்கான இடைவெளி இருப்பதில்லை. மின்கம்பிகள், மதிற்சுவர்கள், வண்டிகள், மாடிகள் ஆகியவை நான்கு புறமும் சூழ்ந்துள்ளன. ஆகையால் மரம் உச்சியிலிருந்து அடிநோக்கித் துண்டு துண்டாக இறக்கப்படுகிறது. மேலே ஏறியவர் ஒரு கிளையில் கயிற்றைக் கட்டி, அதை வலுவான மற்றொரு கவையின் வழியே கீழே விடுவார். கீழே நிற்பவர் கயிற்றை அடிமரத்தில் சில சுற்றுகள் சுற்றிப் பிடித்திருப்பார். கிளை அறுபட்டதும் உராய்வினால் எடை தாங்கப்பட்டு, மெல்ல இறக்கப்படும். இடவசதி உள்ள சாலைகளில் பாரந்தூக்கியும் நீரழுத்த ஏணி வண்டியும் பயன்படுத்தப்படுகின்றன.

இறக்கப்படும் எடையை முன்கூட்டியே கணக்கிடுவது இன்றியமையாதது. 30 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள கிளையின் கன அளவு ஏறத்தாழ 0.21 கன மீட்டர் ஆகும். பச்சை மரத்தின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 900 கிலோகிராம் எனக் கொண்டால், அதன் எடை ஏறத்தாழ 190 கிலோகிராம் ஆகும். இது 5 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுந்தால், மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ. வேகத்தில் தரையைத் தாக்கும். கயிறு திடீரென இறுகும்போது ஏற்படும் விசை கிளையின் எடையைப்போல் பல மடங்காகும். எனவே கிளைகளைச் சிறு துண்டுகளாக இறக்குவதே பாதுகாப்பானது.

மின்கம்பியைத் தொடும் அல்லது அதற்கு அருகிலுள்ள மரங்களில், மின்வாரியத்தினர் மின்சாரத்தைத் துண்டித்து உறுதிசெய்த பின்னரே ஏற வேண்டும். ஈரமான பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும்.

தென்னை மரம்

சென்னையின் பழைய வீட்டுத் தோட்டங்களில் தென்னை மிகுதியாகக் காணப்படுகிறது. தென்னை ஒருவித்திலைத் தாவரம் ஆகும். அதன் தண்டில் வெளிப்பகுதி கடினமாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருக்கும். எனவே ஏனைய மரங்களைப் போல் உறுதியான கீலை அதில் எதிர்பார்க்க இயலாது. காலில் தளைநார் அணிந்து ஏறுபவர் முதலில் மட்டைகளையும் குலைகளையும் நீக்கி, குருத்துப் பகுதியை வெட்டி இறக்குவார். பின்னர் தண்டு மேலிருந்து சிறு துண்டுகளாக அறுக்கப்படும். கிளைகள் இல்லாததால் கயிற்றைத் தாங்க மேலே வேறு பிடிப்பு இல்லை. பட்டுப்போன தென்னையின் தண்டு ஆளின் எடையைத் தாங்காமல் முறியக்கூடும் என்பதால், அதில் ஏறுவது தவிர்க்கப்படுகிறது.

கிளை வெட்டுதல்

முழு மரத்தையும் அகற்றாமல், இடையூறான கிளையை மட்டும் நீக்குவதற்கு மூன்று வெட்டு முறை பரிந்துரைக்கப்படுகிறது. முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் இடப்படுகிறது. இரண்டாம் வெட்டு, அதைவிடச் சற்று வெளியே மேற்புறத்தில் இடப்பட்டுக் கிளை வீழ்த்தப்படுகிறது. மூன்றாம் வெட்டினால் எஞ்சிய முளை நீக்கப்படுகிறது. முதல் வெட்டு இல்லையெனில், விழும் கிளை அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும்.

கிளை அடிமரத்துடன் சேரும் இடத்திலுள்ள தடித்த வளையம் கிளைக்கழுத்து எனப்படுகிறது. இதை வெட்டாமல் விட வேண்டும். மரத்தின் காயங்கள் மனிதத் தோலைப் போல் ஆறுவதில்லை என்றும், மரம் காயத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர்களை எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது என்றும் அமெரிக்க அறிவியலாளர் அலெக்சு சைகோ (1930–2006) விளக்கினார். கிளைக்கழுத்தை அறுத்தால் அத்தடுப்பு சிதைந்து அழுகல் அடிமரத்துள் பரவுகிறது. மின்கம்பிக்காக உச்சியை மொட்டையாக வெட்டும் வழக்கமும் இவ்வாறே மரத்தை வலுவிழக்கச் செய்கிறது. வெட்டிய இடத்தில் முளைக்கும் புதிய கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டியிருப்பதால், சில ஆண்டுகளில் காற்றில் முறிந்து விழுகின்றன.

சென்னையும் புயல் மரங்களும்

டிசம்பர் 12, 2016 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிண்டி தேசியப் பூங்காவும் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் பெருஞ்சேதம் அடைந்தன. புயலின் மையப்பகுதி நகரின் மீதே கடந்ததால், முதலில் ஒரு திசையிலும், சிறு அமைதிக்குப் பின் எதிர்த்திசையிலும் காற்று வீசியது. முதற்காற்றில் வேர்கள் தளர்ந்த மரங்கள் இரண்டாம் காற்றைத் தாங்கவில்லை.

குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற அயல்நாட்டு மரங்கள் மிகுதியாகச் சாய்ந்ததாகவும், வேம்பு, புங்கை, புன்னை, பூவரசு போன்ற மண்ணின் மரங்கள் ஒப்பீட்டளவில் தாங்கி நின்றதாகவும் பலர் பதிவு செய்துள்ளனர். எனினும் இனம் மட்டுமே காரணமன்று. மரத்தைத் தாங்கும் பக்கவேர்கள் பெரும்பாலும் மண்ணின் மேலடுக்கில், கிளைப் பரவலையும் தாண்டிச் செல்பவை. நடைபாதைக் கற்காரை, வடிகால் பள்ளம், வடம் பதிக்கும் பள்ளம் ஆகியவற்றால் ஒரு பக்க வேர்கள் அறுபட்ட மரம், வெளித்தோற்றத்தில் பசுமையாக இருந்தாலும், பிடிப்பை இழந்திருக்கும். 2022 சூன் மாதத்தில் கே. கே. நகரில் மகிழுந்தின் மீது மரம் சாய்ந்ததில் வங்கி அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அருகில் நடைபெற்ற மழைநீர் வடிகால் பணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது அப்போது பெரும் விவாதத்திற்கு உள்ளானது.

வேரோடு சாய்ந்த மரத்தை அறுப்பது, நிற்கும் மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தானது. அடிமரம் துண்டிக்கப்பட்டவுடன், செங்குத்தாக நிற்கும் வேர்த்தட்டு மீண்டும் குழிக்குள் விழக்கூடும். எனவே குழியிலோ வேர்த்தட்டின் பின்புறத்திலோ எவரும் நிற்கக்கூடாது. மரத்தடியில் அறுந்த மின்கம்பி சிக்கியுள்ளதா என்பதும் முதலில் உறுதி செய்யப்பட வேண்டும். சென்னையில் இப்பணியை மாநகராட்சி, தீயணைப்பு மீட்புப் பணித் துறை, மின்வாரியம் ஆகியவற்றின் ஊழியர்கள் மேற்கொள்கின்றனர். சாய்ந்த மரங்களைப் பற்றி 1913 என்னும் மாநகராட்சித் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம்.

சாய்ந்த மரம் அனைத்தும் வெட்டப்பட வேண்டியதில்லை. அடையாறு பிரம்மஞான சபையிலுள்ள பழமையான ஆலமரத்தின் தாய்மரம் 1989ஆம் ஆண்டு புயலில் வீழ்ந்தது. ஆயினும் விழுதுகளால் தாங்கப்பட்ட ஏனைய பகுதிகள் இன்றும் உயிருடன் உள்ளன. இளம் மரங்களைக் கிளை கழித்து நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து மீண்டும் வேரூன்றச் செய்வதும் இயலும்.

சட்டங்களும் ஒப்புதலும்

தமிழ்நாட்டில் காப்புக்காடுகளிலுள்ள மரங்கள் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்படுகின்றன. மலைப்பகுதிகளுக்கென 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி (மரங்கள் பாதுகாப்பு) சட்டம் உள்ளது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் டிசம்பர் 12, 1996 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஒப்புதல் பெற்ற பணித்திட்டம் இன்றிக் காடுகளில் மரம் வெட்டுவதை நாடு முழுவதும் தடை செய்தது.

நகரங்களைப் பொறுத்தவரை, அரசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் உள்ள மரங்களை வெட்டுவதற்கான கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு ஆராய்கிறது. மகாராட்டிரம் (1975), கர்நாடகம் (1976), தில்லி (1994) ஆகியவை மரப் பாதுகாப்பிற்கெனத் தனிச் சட்டங்களை இயற்றியுள்ளன. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கற்காரை இடாமல் மண்ணாக விட வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லி தொடர்பாக ஆணையிட்டது.

தொழிலாளர் நிலை

காடுசார் பணிகளில் பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவை குறித்த நடைமுறை நெறிகளைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1998இல் வெளியிட்டது. பயிற்சி பெற்றவரே சங்கிலி ரம்பத்தை இயக்க வேண்டும் என்பதும், எவரும் தனியாக மரம் வெட்டக்கூடாது என்பதும் இத்தொழிலின் அடிப்படை நெறிகளாகும். இந்திய நகரங்களில் நாட்கூலிக்கு மரம் இறக்குவோர் பலர் தலைக்கவசமோ இடுப்புப் பட்டையோ இன்றி வெறுங்காலுடன் ஏறுவதைக் காணலாம். வேலையைக் கொடுப்பவர் கூலியோடு காப்பு அணிகளையும் ஏற்பாடு செய்வது அவரது பொறுப்பாகும்.

மரவெட்டும் திறன் சட்டத்திற்குப் புறம்பான வணிகத்திலும் சுரண்டப்படுகிறது. ஏப்ரல் 7, 2015 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட 20 பேர் அம்மாநிலச் சிறப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். தற்காப்புக்காகவே சுட்டதாகக் காவல்துறை கூறியதை மனித உரிமை அமைப்புகள் மறுத்தன. செம்மரக் கடத்தலின் பெரும் இலாபம் இடைத்தரகர்களுக்கும் வணிகர்களுக்கும் செல்ல, உயிராபத்து கூலிக்கு வெட்டுபவருக்கே நேர்கிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

மாற்று வழிகள்

மரத்தை வெட்டுவதற்கு முன், கிளை குறைத்தல், முட்டுக்கொடுத்தல், கட்டட வரைபடத்தை மாற்றுதல், வேருடன் பெயர்த்து வேறிடத்தில் நடுதல் ஆகியவை ஆராயப்படுகின்றன. பெயர்த்து நடும்போது, பல வாரங்களுக்கு முன்பே வேர்களைச் சுற்றிப் படிப்படியாகப் பள்ளம் தோண்டிப் புதிய மெல்வேர்கள் தோன்றச் செய்ய வேண்டும். ஒரே நாளில் பெயர்க்கப்படும் முதிர்ந்த மரங்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வெட்டப்பட்ட மரத்திற்கு ஈடாகக் கன்றுகள் நடப்படுவது வழக்கம். ஆயினும் முதிர்ந்த மரம் ஒன்று தரும் நிழலை ஒரு கன்று அளிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். சென்னையில் நிழல் என்னும் தன்னார்வ அமைப்பு, மண்ணின் மரங்களைக் கொண்டு கோட்டூர்புரம் மரப்பூங்காவை உருவாக்கியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- சங்கிலி ரம்பம்
- கோடரி
- காவல்மரம்
- வர்தா புயல்
- அடையாறு ஆலமரம்
- கிண்டி தேசியப் பூங்கா
- செம்மரம்